தோற்றவர்களை விடாத நகரம்

அவளை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். பதினொரு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளுக்கு அது பழகிப்போன பெயர். வேலையை விட்டுக் கம்பெனி தொடங்கிய பிறகும் அது விடாமல் கூடவே வந்தது. ஒருநாள் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் கூடப்பிறந்த தம்பியே வாய்தவறி, "சிஸ்டர் சொல்றதுதான் சரி" என்றுவிட்டான். எதிரே இருந்தவர், "சொந்த அக்காவைக்கூட இங்கிலீஷ்லதான் கூப்பிடுவீங்களா?" என்று கேட்க, அறை முழுக்கச் சிரித்தது. அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அது நன்றாக இருந்த காலம்.

எல்லாம் தொடங்கியது அவள் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில், ஒரு மத்தியான வேளையில். நாற்பத்திரண்டு படுக்கைக்கு இரண்டு நர்ஸ். அவள் கடைசிப் படுக்கையில் ஒரு பெரியவருக்குப் புண் கட்டிக்கொண்டிருந்தபோது, வார்டின் மறுகோடியிலிருந்து ஒரு பெண் அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த தச்சர் ஒருவரின் ட்ரிப்ஸ் பாட்டில் காலியாகி, ரத்தம் குழாயில் மேலேறி நின்றது. உயிருக்கு ஒன்றும் இல்லை. குழாயை மாற்றிவிட்டாள். ஆனால் அந்தத் தச்சரின் மனைவி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது வீடுவரைக்கும் கூட வந்தது.

அன்று சாயங்காலமே உடைந்த கைத்தராசு ஒன்றைப் பிரித்து ஸ்பிரிங்கை எடுத்தாள். பாட்டிலை அதில் மாட்டினால் கனத்தில் ஸ்பிரிங் இழுபடும். பாட்டில் காலியாகக் காலியாக மேலே சுருங்கும். சுருங்கி ஓர் இடத்துக்கு வந்தால் இரண்டு கம்பி தொட்டுக்கொண்டு மணி அடிக்க வேண்டும். மணிக்கு எங்கே போவது? ஏழு வயது மகளின் பொம்மை வாத்து ஒன்று சக்கரம் போய்க் கிடந்தது. வயிற்றை அறுத்து உள்ளே இருந்த ஒலிப்பானை எடுத்துக்கொண்டாள். மறுநாள் வார்டில் மூன்றாவது படுக்கையிலிருந்து வாத்து கத்தியது. நோயாளிகள் வலியை மறந்து சிரித்தார்கள். நர்ஸ் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டிலில் சரியாக இரண்டு விரல்கடை தண்ணீர் மிச்சம் இருந்தது.

தம்பி எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் இருந்தான். லீவுக்கு வந்தவன் வாத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது விளையாட்டுச் சாமான் இல்ல. இதை வச்சு ஒரு கம்பெனியே நடத்தலாம்."

"போடா, ரெண்டு கம்பி, ஒரு ஸ்பிரிங்கு. இதுக்குக் கம்பெனியாம்."

அவன் விடவில்லை. கூடப் படித்த நண்பன் ஒருவனையும் கூட்டிவந்தான். அவனுக்கு மைக் என்று பட்டப்பெயர். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைவிட அதிகமாகப் பேசுகிறவன். இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தான்.

முதல் ஒரு வருடம் சொந்த ஊரிலேயே முட்டி மோதினார்கள். சர்க்யூட் போர்டு ஒன்று செய்யச் சொல்லி வெளியூருக்கு அனுப்பினால் வர மூன்று வாரம். வந்ததில் துளை இடம் மாறியிருக்கும். திருப்பி அனுப்பினால் இன்னும் மூன்று வாரம். பிளாஸ்டிக் மூடிக்கு அச்சு வெட்டுகிற ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் இல்லை. மைக்தான் சொன்னான், நகரத்துக்குப் போய்விடலாம் என்று.

"ஏன் அந்த ஊரே?" என்று கேட்டாள் சிஸ்டர்.

"எல்லாரும் அங்கதான் போறாங்கக்கா."

"எல்லாரும் ஏன் போறாங்க?"

"எல்லாரும் அங்க இருக்கறதாலதான்."

கேலி பண்ணுகிறான் என்று நினைத்தாள். அங்கே போய்ப் பார்த்த பிறகுதான், அவன் வாழ்க்கையில் பேசியதிலேயே கலப்படம் இல்லாத உண்மை அதுதான் என்று தெரிந்தது.

வேலையை ராஜினாமா செய்தபோது கணவர் தடுக்கவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையும் மாலையும் ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார், மற்ற நேரத்தில் தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். "ஒரு வருஷம்தானேங்க" என்றாள். "சரி, போயிட்டு வா" என்றார். மகள் அப்போது எட்டு முடிந்து ஒன்பதில் இருந்தாள். பஸ் கிளம்புகிறவரை அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நடத்துனர்தான் விடுவித்தார்.

நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம், முன்பு சட்டை தைக்கும் தொழிற்சாலையாக இருந்த நாலுமாடிக் கட்டடம். அதில் பத்தொன்பது கம்பெனி. கண்ணாடிக் கதவுகளில் பெயரை ஸ்டிக்கரில்தான் ஒட்டியிருப்பார்கள்; அடிக்கடி மாறும். சாய்ந்து பார்த்தால் புதுப்பெயருக்கு அடியில் பழைய பெயரின் பசைத்தடம் தெரியும். போர்டு செய்கிற கடை எதிர்த் தெருவில். காலையில் வரைபடம் கொடுத்தால் சாயங்காலம் கையில் போர்டு. அச்சு வெட்டுகிறவர் அதற்கு நாலு கடை தள்ளி. வக்கீல் மூன்றாவது மாடி. சோதனைச்சாலை பஸ்ஸில் இரண்டு நிறுத்தம். ஊரில் ஒரு வருடம் பிடித்த வேலை இங்கே பதினாறு நாளில் முடிந்தது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் மனிதர்கள்தான். வந்த இரண்டாம் நாள், மாடிப்படியில் உட்கார்ந்து ஸ்பிரிங்கோடு மல்லாடிக்கொண்டிருந்த தம்பியிடம் ஒரு தாடிக்காரர் வந்து நின்றார். "ஸ்பிரிங் ஆறு மாசத்துல தளர்ந்துபோயிடும் தம்பி. எடையை அளக்கற சென்சார் போடுங்க" என்றார். போனார், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே இருநூறு சென்சார்.

"சமையலறைத் தராசு பண்ணிட்டிருந்தோம். கம்பெனி செத்துப்போச்சு. இதுக்கு முன்னாடியும் ரெண்டு செத்திருக்கு. எடுத்துக்கங்க, சும்மா கிடக்கு."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா சார்?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"வருத்தப்பட நேரம் ஏது? திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டாவது மாடியில புது வேலை" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

அந்த நகரம் அவளை அங்கேதான் விழுங்கியது. இந்த ஊரில் கையைச் சுட்டுக்கொண்டவனுக்கும் மரியாதை இருக்கிறதே என்று பூரித்துப்போனாள். கணவரிடம் போனில் அரைமணி நேரம் அதையே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பாப்பாவுக்குப் பல்லு ஒண்ணு விழுந்திருக்கு, பேசறியா?" என்றார்.

ஒரு வருடம் இரண்டானது. லீவுக்கு ஊருக்குப் போனபோது மகள் தானே தலை பின்னக் கற்றுக்கொண்டிருந்தாள். சிஸ்டர் சீப்பை வாங்கப் போனதற்கு, "வேணாம்மா. நீ இழுத்து இழுத்துப் பின்னுவே, வலிக்கும்" என்று நகர்ந்துகொண்டாள். சின்ன விஷயம்தான். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் வருடம் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்று சோதனைக்கு இடம் கொடுத்தது. முப்பத்தாறு படுக்கை, ஒரு வேளைக்கு மூன்று நர்ஸ். இப்போது வாத்து கத்தாது. உள்ளங்கையளவு வெள்ளைக் கிளிப், எடை குறைந்தால் நர்ஸ் மேசையில் இருக்கும் திரையில் படுக்கை எண் சிவப்பாகும். இருந்தாலும் வாத்து என்ற பெயர் மட்டும் போகவில்லை. அந்த வார்டின் தலைமை நர்ஸ் ஐம்பது தாண்டியவர், சிரிப்பை எங்கேயோ அடகு வைத்தவர் மாதிரி இருப்பார். முதல் வாரம் முழுக்க, "இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்ற பார்வைதான்.

மூன்று மாதத்தில் ஒரு பாட்டில்கூடக் காலியாகி நிற்கவில்லை. ஒருநாள் அந்தத் தலைமை நர்ஸ் சிஸ்டரைக் கைப்பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார். மேசைமேல் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இங்க வந்து பதினாலு வருஷம் ஆச்சு சிஸ்டர். உட்கார்ந்து, சூடா, முழு டீ குடிக்கறது இதுதான் முதல் தடவை. நீங்களும் குடிங்க."

சிஸ்டர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கணவரையும் பிள்ளையையும் விட்டுவந்ததற்கு அந்த ஒரு டம்ளர் டீயில் பதில் இருப்பதாக நினைத்தாள்.

அடுத்த வாரம் முதலீட்டாளர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. கையில் ஒரு சின்ன நோட்டு, பேசும்போது நேராகக் கண்ணைப் பார்ப்பார். மைக் திரையில் படம் போட்டு விளக்கினான். நர்ஸ்கள் வார்டில் நடக்கிற நடை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்றான்.

அந்த அம்மா கேட்டார்: "மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்குன்னா, மூணு நர்ஸ்ல ஒருத்தர் தேவையில்லைன்னு சொல்றீங்களா?"

"இல்லை மேடம்" என்றாள் சிஸ்டர் அவசரமாக. "மிச்சமாகற நேரத்துல புண்ணைக் கவனிக்கலாம், மருந்தைச் சரிபார்க்கலாம், நோயாளிகிட்ட ரெண்டு வார்த்தை பேசலாம். அதுக்குத்தான் இதைச் செஞ்சோம்."

அந்த அம்மா புன்னகைத்தார். நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. மைக் குறுக்கே விழுந்து, "மேடம் சொல்றதும் ஒரு வழிதான், அதையும் நாங்க யோசிச்சிருக்கோம்" என்றான். இப்போது அந்த அம்மா எழுதிக்கொண்டார். பதினைந்து நாளில் முதலீடு வந்தது. கட்டடத்தின் முழு நாலாவது மாடியும் அவர்களுடையதானது. பதினெட்டுப் பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கிளிப்புகளுக்குப் பேட்டரி மாற்ற அந்த வார்டுக்குப் போனாள் சிஸ்டர். மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர். யாராவது லீவோ என்று கேட்டாள். தலைமை நர்ஸ் ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"லீவெல்லாம் இல்ல. அந்தப் பொண்ணை அனுப்பிட்டாங்க. உங்க வாத்துதான் இப்ப எங்க மூணாவது நர்ஸ்."

அந்தப் பெண்ணைச் சிஸ்டருக்குத் தெரியும். சோதனைக் காலத்தில், எந்தக் கிளிப் எப்போது தப்பாகக் காட்டியது என்று மணியோடு குறித்துக் கொடுத்தவள். அவள் குறித்துக் கொடுத்ததால்தான் பொருளே சரியானது.

நேரே அலுவலகத்துக்கு வந்து தம்பியையும் மைக்கையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நாம பண்ணலையேக்கா, ஆஸ்பத்திரி பண்ணினது" என்றான் தம்பி.

"கத்தியைக் கையில கொடுத்துட்டு, குத்தினது நான் இல்லைன்னு சொல்றியா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மைக் குனியவில்லை. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நர்ஸுக்கு டீ குடிக்க நேரம் கிடைக்கும்னு சொன்னா எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? வாங்கறவன் எதுக்கு வாங்கறானோ அதைத்தானே விக்க முடியும்?"

"நர்ஸ் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதிடலாம்."

மூன்றாவது மாடி வக்கீல் எழுதிக் கொடுத்தார். எழுதும்போதே, "யாரும் கையெழுத்துப் போடமாட்டாங்கம்மா" என்றும் சொல்லிவிட்டார். சிஸ்டர் விடவில்லை. அந்தக் காகிதத்தோடு மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாள். முதல் இடத்தில் சிரித்தார்கள். இரண்டாம் இடத்தில் படித்துப் பார்த்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் இடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள், மாலைவரை காத்திருந்தாள்.

அத்தோடு அவள் விலகியிருக்கலாம். விலகவில்லை. பதினெட்டுப் பேர் பிழைப்பு என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். உள்ளே இருந்தால்தானே ஏதாவது செய்ய முடியும் என்று இன்னொன்று. இத்தனை வருடத்தை வீணாக்கிவிட்டேன் என்று மகள்முன் போய் நிற்க முடியாது என்பதுதான் நிஜம். அதை யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியில் அவள் பதவி மட்டும் பெரிது. முடிவுகள் எடுக்கும் கூட்டங்களில் உப்புக்குச் சப்பாணி. ஆறு ஆஸ்பத்திரிக்கு வாத்து போனது. ஆறிலும் ஆள் குறைந்தது.

அப்படியும் கம்பெனி பிழைக்கவில்லை. எதிர்பார்த்த வேகத்தில் விற்பனை இல்லையென்று முதலீட்டாளர் அம்மா ஒரு பெரிய நிறுவனத்தை அழைத்து வந்தார். அந்த நிறுவனம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு வேண்டியது வாத்து இல்லை. அதைச் செய்த கைகள். தம்பி, மைக், இன்னும் நாலு இன்ஜினியர்கள். வேறு ஏதோ பொருளுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டது, தேடிப் பிடிப்பதைவிட ஒரு கம்பெனியை மொத்தமாக வாங்குவது சுலபம்.

"அப்போ இந்தக் கிளிப்?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"அதை நாங்க தொடரப்போறதில்லை மேடம். மாசக் கடைசியோட சேவை நின்னுடும்" என்றார் நிறுவனத்து ஆள். பேச்சில் அவ்வளவு பணிவு. "உங்க பங்களிப்பை நாங்க ரொம்ப மதிக்கறோம்." அவளுக்கு அங்கே வேலை இல்லை என்பதற்கு அதுதான் சொல்.

படியிறங்கும்போது தம்பி, "நான் சேரலக்கா. ஊருக்கே போயிடலாம்" என்றான். அவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. "அசடு மாதிரி பேசாதே, போய்ச் சேரு" என்று அவளே அனுப்பிவைத்தாள். அவன் கண்ணில் ஒரு நொடி தெரிந்த நிம்மதியை அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மாதத்தின் கடைசி நாள், கிளிப்புகளைத் திரும்ப வாங்க முதல் ஆஸ்பத்திரிக்கு அவளே போனாள். கூரியர் ஆளை அனுப்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. வார்டுக்குப் போகுமுன் நிர்வாகியைப் பார்த்தாள்.

"சார், நாளையிலேர்ந்து கிளிப் வேலை செய்யாது. மூணாவது நர்ஸைத் திரும்பப் போட்டுடுவீங்கல்ல?"

"அந்த இடமே இப்ப இல்லையேம்மா" என்றார் அவர். "ரெண்டு பேரை வச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டிட்டோம். இப்ப போய் மேலிடத்துல மூணு வேணும்னு கேட்டா, இத்தனை நாள் எப்படி ஓட்டினேன்னு என்னைக் கேப்பாங்க."

வார்டில் தலைமை நர்ஸ் கிளிப்புகளைத் தானே கழற்றித் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தாறு. சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஜன்னலோரப் படுக்கையிலிருந்து ஒரு சின்னப் பெண், "சிஸ்டர்! அப்பாவோட பாட்டில் தீர்ந்துபோச்சு!" என்று கத்தினாள். கேட்டதும் இவள் கால் தானாக ஓடியது. பதினொரு வருடப் பழக்கம். தலைமை நர்ஸ் கையை நீட்டி மறித்தார்.

"நீங்க நில்லுங்க. அவ என்னைக் கூப்பிடறா."

அவர் போய்ப் பாட்டிலை மாற்றிவிட்டுத் திரும்பி வரவில்லை. அப்படியே அடுத்த படுக்கைக்குப் போனார், அதற்கடுத்த படுக்கைக்குப் போனார். சிஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முதன்முதலில் வாத்து செய்தபோது அவளுடைய வார்டு எப்படி இருந்ததோ, அதே மாதிரி வார்டுகள் ஆறு இப்போது இந்த நகரத்தில் இருந்தன. செய்தது அவள்.

ஒரு மாதம் கழித்து நகரத்தின் தொழில் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி போனில் பேசினார். புதுத் தொழில் தொடங்கும் நகரங்களின் பட்டியலில் இந்த முறையும் இந்த ஊருக்குத்தான் முதலிடமாம். அதற்கு விழா. வெற்றிகரமாக விற்கப்பட்ட கம்பெனிகளில் அவளுடையதும் ஒன்று என்றார்.

"நம்ம ஊர் ஏன் இன்னும் முன்னாடியே நிக்குதுன்னு, உங்க அனுபவத்துலேர்ந்து ரெண்டு நிமிஷம் பேசணும் மேடம்."

முடியாது என்றாள். சாயங்காலம் தம்பி வந்து நின்றான். புது முதலாளிகள் விழாவுக்கு வருகிறார்களாம், அக்கா வராவிட்டால் தப்பாக நினைப்பார்களாம். சரி என்றாள்.

மேடையில் அவளுக்கு முன் பேசியவர்கள் திறமை, துணிச்சல், கனவு என்று பேசினார்கள். அவள் முறை வந்தது. எழுதிக்கொண்டு வராத பேச்சு. தச்சரின் குழாயில் ஏறிய ரத்தத்திலிருந்து தொடங்கினாள். டீயைச் சொன்னாள். வேலை போன அந்தப் பெண்ணைச் சொன்னாள். முப்பத்தாறு கிளிப்பைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்ததைச் சொன்னாள்.

"இந்த ஊர் ஏன் முன்னாடி நிக்குதுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது இதுதான். இங்க ஒரு கம்பெனி செத்தா, ஒரு மாசத்துல அதோட ஆளுங்க, நாற்காலி, மேசை, சென்சார் எல்லாம் வேற கம்பெனிக்குப் போயிடுது. எதுவும் வீணாகறதில்ல. ஆனா அந்த வார்டுல போன ஒரு ஆளு மட்டும் திரும்பி வரல. அது எந்தக் கணக்குலயும் வரல."

அவள் பேச்சை முடித்தாள். பிறகு முன்வரிசையில் யாரோ கைதட்ட, அரங்கமே எழுந்து நின்று தட்டியது. அதிகாரி ஓடிவந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "பாருங்க! தோல்வியை இவ்வளவு வெளிப்படையா மேடையில பேச வேற எந்த ஊர்ல முடியும்? இதுதாங்க நம்ம பலம்!" கைதட்டல் இரண்டு மடங்கானது. சிஸ்டர் மேடையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கீழே தம்பியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தான். இன்னும் உரக்கக் கத்தினாலும் இவர்கள் இன்னும் பலமாகத்தான் தட்டுவார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

கீழே இறங்கியதும் மூன்று பேர் விசிட்டிங் கார்டு கொடுத்தார்கள். ஒரு இளைஞன் மட்டும் கூடவே நடந்து வந்தான். நர்ஸ்களுக்கு டியூட்டி பிரிக்கிற மென்பொருள் செய்கிறார்களாம். எந்த வார்டுக்கு எந்த வேளையில் எத்தனை நர்ஸ் என்று அதுவே சொல்லிவிடுமாம். "எங்க தப்பு நடக்கும்னு தெரிஞ்ச ஆள் எங்களுக்கு வேணும் மேடம். உங்களை மாதிரி" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். கார்டை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை ஊருக்குப் பஸ் ஏறினாள்.

பழைய ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டாள். ராஜினாமா செய்தவரைத் திரும்ப எடுக்க விதியில்லை, புதிதாகச் சேர வயது தாண்டிவிட்டது என்றார்கள். ஊரில் இருந்த ஒரே தனியார் மருத்துவமனையில், அரைகுறையாகப் படித்த பெண்களைப் பாதிச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். அவள் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, "உங்க தகுதிக்கு இங்க வேலை இல்லைம்மா" என்று மரியாதையாக எழுந்து நின்று அனுப்பினார்கள்.

வீட்டில் பதினைந்து நாள் இருந்தாள். வீடு அவள் இல்லாமல் நடக்கப் பழகியிருந்தது. டம்ளரைக் கழுவி அவள் ஓர் இடத்தில் வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் கணவர் சத்தமில்லாமல் அதை எடுத்து அதன் இடத்தில் வைப்பார். மகளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. அம்மாவிடம் மரியாதையாக இருந்தாள். "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்பாள், வீட்டுக்கு வந்த அத்தையிடம் கேட்கிற மாதிரி. பள்ளிக்கூடத்தில் நடந்ததை அப்பாவிடம் சமையலறையில் நின்று சொல்லிச் சிரிப்பாள். சிஸ்டர் உள்ளே போனால் பேச்சு முடிந்திருக்கும்.

பதினாறாம் நாள் கணவரிடம் கார்டைக் காட்டினாள்.

"போகட்டுமாங்க?"

அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இங்க இருந்து நீ என்ன பண்ணுவே?" என்றார். கோபமில்லை, குத்தலில்லை. அவரும் யோசித்துப் பார்த்திருக்கிறார், பதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

புது அலுவலகம் அதே நாலுமாடிக் கட்டடத்தில் முதல் மாடி. மூன்று வரிசை மேசை. உள்ளே இருந்தால் வார்டுக்கான நர்ஸ் எண்ணிக்கையை மூன்றுக்குக் கீழே போகாமல் பிடித்து வைக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டுதான் வந்தாள். முதல் நாளே அந்த இளைஞன் திரையைத் திறந்து காட்டினான். வார்டின் பெயர், படுக்கை எண்ணிக்கை, அதற்குப் பக்கத்தில் நர்ஸ் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். முப்பத்தாறு படுக்கைக்கு நேராக, ஏற்கெனவே இரண்டு என்று இருந்தது.

"இந்த ரெண்டு எங்கிருந்து வந்தது?"

"இந்த ஊர் ஆஸ்பத்திரிகளோட போன வருஷத்துக் கணக்கை வாங்கினோம் மேடம். ஆறு இடத்துல இப்படித்தான் ஓடுது. நல்லாவே ஓடுது."

"இதை மாத்த முடியுமா?"

"ஓ, மாத்தலாமே. வாங்கற ஆஸ்பத்திரி கேட்டா."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முப்பத்தாறு படுக்கைக்கு இரண்டு நர்ஸ் ஏன் போதாது என்று பக்கம் பக்கமாக எழுதினாள். நாலு நாள் எழுதினாள். அந்த இளைஞன் முழுவதையும் பொறுமையாகப் படித்தான், அருமையாக இருக்கிறது என்றான், மென்பொருளின் உதவிப் பகுதியில் கடைசிப் பக்கமாகச் சேர்த்தும்விட்டான். அதை இதுவரை எத்தனை பேர் திறந்தார்கள் என்று எண்ணிச் சொல்லும் வசதியும் இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தாள். ஒருவர். அது அவள்தான்.

அதன்பிறகு அவள் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிகள் அனுப்பும் விவரங்களை வார்டு வார்டாகத் திரையில் ஏற்றுகிற வேலையைச் செய்தாள். எல்லோரையும்விடச் சுத்தமாகச் செய்தாள். எந்த வார்டில் என்ன நோய், எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் வந்த பிறகு மென்பொருள் துல்லியமாகிவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் மகள் போன் செய்தாள். தானாகப் போன் செய்கிறவள் இல்லை.

"அம்மா, ஸ்கூல்ல ஒரு ஃபாரம் கொடுத்திருக்காங்க. அம்மா என்ன வேலைன்னு எழுதணும். நர்ஸ்னு போடட்டுமா?"

சிஸ்டர் திரையைப் பார்த்தாள். பாதி ஏற்றிய வார்டு ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம். கம்பெனின்னு போடு."

"என்ன கம்பெனி?"

"வெறும் கம்பெனின்னு போட்டாப் போதும்."

"அப்பாவும் அதைத்தான் சொன்னாரு" என்றாள் மகள். "சரிம்மா, வச்சிடறேன். பெல் அடிச்சாச்சு."

சாயங்காலத்துக்குள் ஏற்றி முடிக்க இன்னும் பதினொரு வார்டு இருந்தது.